ராட்சத ரோபோவை யார் படம் பிடிக்கிறார்கள்?

கேள்வி இது: டிரான்ஸ்ஃபார்மர்ஸ், பசிபிக் ரிம் மாதிரியான ராட்சத ரோபோ படத்தொடர்களுக்கு ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ பாணி ஒத்துவருமா? சம்பவ இடத்தில் இருந்த யாரோ ஒருவரின் கேமராவில் பதிவாகி, பிறகு கண்டெடுக்கப்பட்டது போல ஒரு முழுப் படத்தையும் எடுத்தால் எடுபடுமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்துக்கு ஒத்துவரும், அதுவும் அபாரமாக வரும். தொடருக்கு ஒத்துவராது. ரோபோ நமக்கு அந்நியனாக இருக்கும்வரைதான் இந்தப் பாணிக்கு வேலை. அதற்கு ஒரு பெயர் வைத்து, முகம் கொடுத்து, பேசவிட்டு, நமக்கு வேண்டப்பட்டவனாக ஆக்கிய பிறகு கேமராவை அந்தச் சாதாரண ஆளிடமிருந்து திரும்ப வாங்கித்தான் ஆகவேண்டும். படத்தொடர் ஓடுவதோ அந்த வேண்டப்பட்டவனை நம்பித்தான்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தொடர் உலகுக்கு முதலில் அறிமுகமானதே இந்தப் பாணியில்தான் என்பது பலருக்கு நினைவிருக்காது. 2006-ல் வந்த முதல் டீசரில் கார் இல்லை, ரோபோக்களின் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் இல்லை, கதாநாயகன் கதாநாயகி யாரும் இல்லை. செவ்வாயில் இறங்கிய பீகிள் 2 கலத்தைக் காட்டினார்கள். தரை, பாறை, ஒரு பெரிய நிழல், ஓர் அடி, படம் அறுந்துபோகிறது. அவ்வளவுதான். 2007-ல் வந்த படத்துக்குள்ளும் அந்தக் கலம் அனுப்பிய கடைசிக் காட்சியைப் பாதுகாப்புச் செயலருக்குப் போட்டுக் காட்டுவார்கள். நிஜ பீகிள் 2 பிரிட்டனில் செய்த கலம். 2003 டிசம்பர் 25 அன்று தரையிறங்க வேண்டிய நேரத்துக்குப் பிறகு அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. படத்தில் அதை ரோவர் ஆக்கிவிட்டார்கள்; உண்மையில் அதற்குச் சக்கரமே கிடையாது. 2015-ல், செவ்வாயைச் சுற்றிவரும் அமெரிக்கக் கலம் எடுத்த படங்களில் அது உடையாமல் தரையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சூரியத் தகடுகள் முழுசாக விரியாததுதான் காரணம் என்கிறார்கள். எந்த ரோபோவும் மிதிக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2007 ஜூலையில் அந்தப் படம் திரைக்கு வந்தபோது அதனுடன் பெயரே இல்லாத ஒரு டீசர் ஓடியது. நியூயார்க்கில் ஒரு வழியனுப்பு விழாவை யாரோ ஹேண்டிகேமில் எடுக்கிறார்கள், தூரத்தில் ஒரு வெடிப்பு, சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து விழுகிறது, பிறகு வெறும் ஒரு தேதி. அதுதான் 2008 ஜனவரியில் வந்த க்ளோவர்ஃபீல்டு என்ற ராட்சத மிருகப் படம். ஆக, இந்தக் கேள்வியின் இரண்டு பாதிகளும் ஒரே திரையில் அடுத்தடுத்து ஓடியிருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குச் செலவு சுமார் 15 கோடி டாலர், க்ளோவர்ஃபீல்டுக்கு சுமார் இரண்டரைக் கோடி.

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்றால் கேமரா ஆடுவது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆட்டம் இதில் இரண்டாம்பட்சம். திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் கதைக்குள்ளேயே ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும், அதுதான் விதி. ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட் (1999) நடிகர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்து, ஜிபிஎஸ் கருவியை வைத்து வழிகாட்டி, எட்டே நாளில் காட்டுக்குள் எடுத்த படம். அதில் சூனியக்காரி கடைசிவரை தெரியவே மாட்டாள். இந்தப் பாணி மலிவாக இருப்பதன் ரகசியமும் அதுதான். காட்டவேண்டிய பொருளைக் காட்டாமல் விட்டால் செலவு எங்கே?

ராட்சத இயந்திரத்துக்கும் போலிப் பதிவுக்கும் உள்ள உறவு சினிமாவுக்கு வெளியே தொடங்கியது. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் வானொலியில் போட்ட ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ நாடகத்தை நினைத்துப் பாருங்கள். மூல நாவலை எழுதிய ஹெச். ஜி. வெல்ஸின் செவ்வாய்க்காரர்கள் மூன்றுகால் இயந்திரங்களில் வருகிறார்கள். ஆர்சன் வெல்ஸ் அதை நடன இசைக்கு நடுவே குறுக்கிடும் செய்தி அறிக்கைகளாக மாற்றினார். நியூ ஜெர்சியின் குரோவர்ஸ் மில் கிராமத்தில் செய்தியாளர் பேசிக்கொண்டே இருக்கிறார், திடீரென்று மைக் செத்துப்போகிறது. சில விநாடி வெறும் மௌனம். பீகிள் 2 டீசரின் கடைசி நொடியும் இதுவே. அமெரிக்காவே அலறி ஓடியதாகச் சொல்வது பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது, அது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: நாடகம் பாதிக்கு மேல் போனதும் ஆர்சன் வெல்ஸே இந்தப் பாணியைக் கைவிட்டுவிட்டார். இடைவேளைக்குப் பிறகு வருவது உயிர்தப்பிய பேராசிரியர் ஒருவரின் சாதாரணத் தன்கூற்று. இயந்திரங்கள் வந்து எல்லாரையும் கொன்றாயிற்று, இனி என்ன என்று மனிதன் யோசிக்கவேண்டிய இடத்தில் செய்தி அறிக்கை உதவவில்லை.

பாதியில் கழற்றிவிடும் இந்தப் பழக்கம் பிறகு திரும்பத் திரும்ப வருகிறது.

டிஸ்ட்ரிக்ட் 9 (2009) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி ஆவணப்படம் போலவே போகும்: பேட்டிகள், அலுவலகக் கேமரா, செய்திக் காட்சிகள். கதாநாயகன் விகஸ் ஓட ஆரம்பித்ததும் பாணி மெல்லக் கரைகிறது. கடைசியில் அவன் வேற்றுக்கிரகத்தாரின் போர் ரோபோவுக்குள் ஏறிச் சண்டை போடும்போது யார் கேமரா, யார் எடுத்தது என்ற கேள்வியே காணாமல் போய்விடும். பலருக்கு அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் அதற்குள் நமக்கு விகஸ் மீது அக்கறை வந்துவிட்டது. இதன் இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப் ஓர் ஆச்சரியமான ஆள். 2004-ல் சிட்ரோயன் சி4 காருக்காக அவர் எடுத்த விளம்பரத்தில், வாகன நிறுத்தத்தில் நிற்கும் கார் ரோபோவாக எழுந்து நடனமாடும். மைக்கேல் பே இயக்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்துக்கு மூன்று ஆண்டு முந்தியது. கேமரா ஓர் ஓரமாக நின்று அமைதியாகப் பார்க்கும். அதனால்தான் அந்தக் கார் அங்கே நிஜமாக நின்றது போல இருக்கும்.

க்ளோவர்ஃபீல்டு ஏன் வென்றது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ராட்சத மிருகத்தை அது பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் காட்டுகிறது. கட்டடங்களுக்கு இடையில் ஒரு கால், புகைக்குள் ஒரு முதுகு. மிருகத்துக்குப் பெயர் கிடையாது, நோக்கம் கிடையாது, பேச்சு கிடையாது. கேமரா வைத்திருக்கும் ஹட் அப்பாவி, வாயாடி. என்ன நடக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. அதே டேப்பில் முன்பே பதிவாகியிருந்த ஒரு காதல் நாளின் மேல்தான் இந்த இரவு பதிவாகிறது; நடுநடுவே அந்தப் பழைய நாள் எட்டிப்பார்க்கும். டேப் காலத்துக்கே உரிய அருமையான உத்தி. மெமரி கார்டில் இதைச் செய்ய முடியாது. பின்னணி இசையும் கிடையாது, கடைசியில் பெயர்கள் ஓடும்போது மட்டும் மைக்கேல் ஜியாச்சினோவின் ஒரு பெரிய உருப்படி வரும்.

இப்போது அந்த மிருகத்தின் இடத்தில் ஆப்டிமஸ் பிரைமை வையுங்கள். உடனே சிக்கல் புரியும். ஆப்டிமஸ் பிரைம் ஒரு பொருள் இல்லை, ஓர் ஆள். 1984-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜப்பானிய டகாரா பொம்மைகளைக் கொண்டு இந்த வரிசையைத் தொடங்கியபோதே ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டின் கார்ட்டூனில் அவருக்குக் குரல் கொடுத்த பீட்டர் கல்லன்தான் 2007 படத்திலும் பேசினார். படத்துக்காக அவர் முகமூடி விலகி உள்ளே உதடு தெரியும்படி வடிவமைத்தார்கள், உணர்ச்சி தெரியவேண்டும் என்று. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள் கொண்ட கணினி உருவம் அது. லாரி ரோபோவாக மாறும்போது எந்தத் தகடு எங்கே போய் மடங்குகிறது என்பதைப் பார்ப்பதுதான் குழந்தைகளுக்கும் எனக்கும் இன்பம். அதை ஒருவன் ஓடிக்கொண்டே, கை நடுங்க, காருக்கு அடியில் பதுங்கிக்கொண்டு எடுத்தால் அந்த இன்பம் போச்சு. பொம்மை விற்கவேண்டியவர்களுக்கும் கோபம் வரும், நியாயமான கோபம்தான்.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ‘எந்திரன்’ (2010) கிளைமாக்ஸில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் ராட்சத மனிதனாகவும் மாறுவார்களே, அதைச் சாலையோரம் ஒளிந்திருக்கும் ஒருவர் போனில் எடுத்தது போலக் காட்டியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? அந்த உருவங்களின் முழு வடிவத்தையும் தள்ளி நின்று பார்ப்பதில்தான் அங்கே கைதட்டலே. அது கோயில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி. வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றால் கோபுரம் தெரியாது.

சரி, உயரம் என்று வந்துவிட்டதால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். பசிபிக் ரிம் படத்தின் ஜிப்ஸி டேஞ்சர் சுமார் 79 மீட்டர் உயரம். ஒரு சாதாரண போனின் முதன்மைக் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, பாதத்திலிருந்து தலை வரை ஒரே சட்டத்தில் அடக்க 30, 40 மீட்டர் தள்ளி நின்றால் போதும். அதே போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் 90 மீட்டர் வேண்டும். சினிமாஸ்கோப் அளவுக்கு மேலும் கீழும் வெட்டினால் சுமார் 130 மீட்டர். அதாவது, ஒளிப்பதிவாளர்கள் எல்லாரும் வெறுக்கும் அந்த நெட்டைப் போன் சட்டம்தான், நிற்கிற ராட்சதனுக்குப் பொருத்தமான சட்டம். அகலத்திரை இரண்டு மிருகங்கள் எதிரெதிரே நிற்பதற்கு ஏற்றது. இதை ஒரு இயக்குநரும் முழுசாகப் பயன்படுத்திப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. 40 மீட்டர் தூரத்தில் நிற்பவர் அடுத்த எட்டில் காலடியில் இருப்பார் என்பது வேறு விஷயம்.

எடை இன்னும் பெரிய விஷயம். 79 மீட்டர் உயரத்திலிருந்து கழன்று விழும் ஒரு துண்டு தரையைத் தொட 4 விநாடி ஆகும். மனிதன் தலை உயரத்திலிருந்து விழுவது 0.6 விநாடிதான். உயரம் 46 மடங்கு கூடினால் நேரம் அதன் வர்க்கமூலமாக, ஏறக்குறைய 7 மடங்கு கூடுகிறது. எனவே இத்தனை உயரமான ஒன்று கை ஓங்குவதும், தடுமாறுவதும், விழுவதும் நம்மைவிட 7 மடங்கு மெதுவாக இருந்தால்தான் கண் நம்பும். எட்டரை மீட்டர் ஆப்டிமஸுக்குக்கூட இரண்டு மடங்குக்கு மேல் நிதானம் வேண்டும். பே படங்களில் அவர் குங்ஃபூ வீரன் போலச் சுழல்கிறார். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு வெட்டு, நடுவில் ஸ்லோ மோஷன், முழங்கும் இசை என்று எல்லாம் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன. போன் கேமராவுக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. 40 விநாடி வெட்டில்லாமல் ஓடும் காட்சியில் எடை பொய்யானால் உடனே பல்லிளித்துவிடும்.

இதற்கு நிஜ ஆதாரமே உண்டு. யோகோஹாமா துறைமுகத்தில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 18 மீட்டர் உயரமுள்ள, அசையும் ரோபோ ஒன்று நின்றது; ‘கண்டம்’ (Gundam) என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரின் ரோபோ. எடை 25 டன். பார்வையாளர்கள் போனில் எடுத்த ஏராளமான வீடியோக்கள் இணையத்தில் கிடைக்கின்றன. முட்டியை மடக்குவதற்கே அது எத்தனை நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். இடுப்பைத் தாங்கும் பின்பக்கச் சட்டம் தெரிகிறது, பக்கத்தில் யாரோ பேசுவது கேட்கிறது, எடுப்பவரின் விரல் ஓர் ஓரத்தை மறைக்கிறது. ஆனாலும் மயிர்க்கூச்செறியும். எத்தனையோ கோடி செலவழித்த சண்டைக்காட்சிகள் தராத ஒன்றை அந்த ஒரு முட்டி தந்துவிடுகிறது.

ஆகவே, இருட்டில் எடுத்து, கேமராவை ஆட்டி, கிராபிக்ஸ் குறைகளை மறைத்துவிடலாம் என்று நினைத்து இந்தப் பாணிக்கு வருபவர்கள் ஏமாறுவார்கள். மயிர் போர்த்திய மிருகத்தை இருட்டில் மறைக்கலாம். பளபளக்கும் உலோகத்தை மறைப்பது சுலபமில்லை. ஆடும் கேமராவின் ஒவ்வொரு குலுக்கலையும் கணினியில் பின்தொடர்ந்து, அந்த ரோபோவை அதே குலுக்கலோடு ஒட்டவேண்டும். அதன் கதவில் தெரு பிரதிபலிக்க வேண்டும். கறாராகப் பார்த்தால், படம் எடுத்துக்கொண்டு நிற்கும் ஆளும் அதில் குட்டியாகத் தெரியவேண்டும்! க்ளோவர்ஃபீல்டுகூட ஹேண்டிகேமில் எடுத்தது போலத் தோன்றுகிறதே தவிர, பல காட்சிகளைத் தொழில்முறை டிஜிட்டல் கேமராக்களில்தான் எடுத்தார்கள்.

“உயிருக்கு ஓடுகிறவன் ஏன் இன்னும் கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2008-ல் அது வலுவான கேள்வி. இன்று அவ்வளவு இல்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல் சுமார் 20 மீட்டர் குறுக்களவுள்ள விண்கல் வெடித்தது. யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கவில்லை. கார்களில் மாட்டியிருந்த டாஷ்கேம்களும், கட்டடங்களின் சிசிடிவிகளும் தாமாகவே பதிவு செய்துவிட்டன. சாதாரணக் காலைப் போக்குவரத்து, எஃப்எம் பாட்டு, திடீரென்று சூரியனைவிட வெளிச்சம், எல்லா மரநிழலும் தரையில் ஓடி வட்டமடிக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு மக்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத்தான் அதிர்வலை வந்தது, கண்ணாடிகள் நொறுங்கின, சுமார் 1,500 பேர் சிகிச்சைக்குப் போனார்கள். விஞ்ஞானிகள் இந்த வீடியோக்களை வைத்தே கல் வந்த பாதையைக் கணக்கிட்டார்கள்.

இதைப் பார்த்த பிறகு, ஆட்டோபாட்கள், அதாவது ஆப்டிமஸின் அணி ரோபோக்கள், எரிகல்லாக வந்து விழும் அந்த 2007 டிரான்ஸ்ஃபார்மர்ஸ் காட்சியை மறுபடி பாருங்கள். அங்கேயும் ஒரு பையன் வீடியோ கேமராவோடு குதித்துக்கொண்டு ஓடுவான். ஆனால் அது சிரிப்புக்காக. அதே படத்தில் பழைய கார் கிடங்கில், தன் கார் எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்ட கதாநாயகன் சாம், கையிலிருக்கும் போனில் தன் கடைசி வார்த்தைகளைப் பதிவு செய்வான்: இதைக் கண்டெடுப்பவர்களுக்கு, என் காருக்கு உயிர் இருக்கிறது என்று. சுத்தமான ஃபவுண்ட் ஃபுட்டேஜ் தருணம். அந்தக் கார் ரோபோ பம்பிள்பீ அவனுக்கு நண்பனானதும் அந்தப் போனுக்கு வேலை இல்லை.

செல்யாபின்ஸ்க் சொல்லித்தரும் பாடத்தைக் கிட்டத்தட்டப் பிடித்த படம் க்ரானிக்கிள் (2012). அதில் மனவலிமையால் பொருள்களை நகர்த்தும் பையன் கேமராவையே காற்றில் மிதக்கவிட்டுத் தன்னை எடுத்துக்கொள்கிறான். யார் எடுக்கிறார்கள் என்ற தொல்லைக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பதில் நான் பார்த்ததில்லை. சியாட்டிலில் நடக்கும் கடைசிச் சண்டை சிசிடிவி, போலீஸ் கேமரா, செய்தி ஹெலிகாப்டர், ஊர்சுற்றிப் பார்க்கவந்தவர்களின் போன்கள் என்று தாவித் தாவிப் போகும். ஒற்றைக் கேமராவைப் பிடித்துத் தொங்காமல் ஊரே கேமராவானால் ராட்சதனின் உயரம் தானாகத் தெரியும். ஒருவர் அடியிலிருந்து எடுப்பார், ஒருவர் பன்னிரண்டாம் மாடியிலிருந்து எடுப்பார், மேம்பாலத்தில் நிற்கும் ஒருவருக்கு இடுப்பு மட்டும் தெரியும்.

இதுவரை யாரும் முழுசாகச் செய்துபார்க்கவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். ஜப்பானியர்கள். 2006-ல் வந்த ‘ஃபிளாக்’ என்ற 13 அத்தியாய அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) தொடர். வோட்டம்ஸ் என்ற ரோபோ அனிமே எடுத்த ரியோசுகே தகஹாஷி உருவாக்கியது. உத்தியானா என்ற கற்பனை நாட்டில் உள்நாட்டுப் போர். சிராசு என்ற பெண் புகைப்படக்காரர் எடுத்த ஒரு கொடியின் படம் சமாதானத்தின் அடையாளமாகிறது. அந்தக் கொடி களவுபோகிறது. அதை மீட்க ஐ.நா. ஒரு ரகசியப் படையை அனுப்புகிறது. அந்தப் படையிடம் ரோபோ கவசங்கள் இருக்கின்றன. சிராசு அவர்களோடு போகிறார். மொத்தத் தொடரும் கேமராக்களின் வழியாகத்தான் தெரியும்: அவர் வீடியோ, நிலைப்படங்கள், ரோபோக்களின் சொந்தக் கேமராக்கள். வரையப்பட்ட படத்தில் ஃபோகஸ் தடுமாறுவதைக்கூட வரைந்திருக்கிறார்கள். பைத்தியக்கார உழைப்பு.

ஃபிளாக் கைவிடாமல் கடைசிவரை போனதற்குக் காரணம், அதில் ரோபோ கதாநாயகன் இல்லை. ராணுவ வண்டி, அவ்வளவுதான். கழுவுகிறார்கள், பழுதுபார்க்கிறார்கள், அது ஓரமாக நிற்கிறது. எடுப்பவர் புகைப்படக்காரர் என்பதால் ஏன் எடுக்கிறார் என்ற கேள்வியும் எழாது. ஆனால் இதன் விலையையும் சொல்லவேண்டும். தொடர் மெதுவாகப் போகும், சண்டைகள் சட்டென்று முடிந்துவிடும், இரண்டாம் பருவம் கேட்டு யாரும் கொடி பிடிக்கவில்லை. மமோரு ஓஷியின் பட்லேபர் 2 (1993) என்ற ரோபோ அனிமே படத்தில் இன்னும் சின்ன அளவில் இது வரும். யோகோஹாமா பாலம் ஒன்று தாக்கப்படுகிறது. அதைப் பதிவு செய்த வீடியோ டேப்பைப் போட்டு, நிறுத்தி, பெரிதாக்கி, ஒரு புள்ளி விமானமா இல்லையா என்று பார்க்கிறார்கள். அந்த மங்கலான புள்ளி தரும் பயத்தை எந்த ரோபோவும் அந்தப் படத்தில் தருவதில்லை.

ஹாலிவுட் தொடர்கள் என்ன செய்தன? க்ளோவர்ஃபீல்டு பெயரில் 2016-லும் 2018-லும் வந்த படங்கள் ஹேண்டிகேமைத் தொடவே இல்லை. மைக்கேல் பே தயாரித்த ப்ராஜெக்ட் அல்மனாக் (2015) ஒரு ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம். அதை இயக்கிய டீன் இஸ்ரேலைட்டிடம் அடுத்ததாக ராட்சத ரோபோ உள்ள பவர் ரேஞ்சர்ஸ் (2017) போய்ச் சேர்ந்தது. தொடக்கக் கார் துரத்தலில் வண்டிக்குள்ளேயே சுழலும் ஒரு கேமராவில் அவருடைய பழைய கை தெரியும். ரோபோ எழுந்ததும் எல்லாப் படத்தையும் போல அதுவும் தள்ளி நின்று காட்டியது. பாராநார்மல் ஆக்டிவிட்டி மட்டும் எப்படிப் பல பாகம் போனது என்று கேட்பீர்கள். அங்கே பெரும்பாலான பாகங்களில் பேய் கண்ணுக்குத் தெரிவதில்லை, கதவு மட்டும் ஆடுகிறது. எத்தனை பாகம் எடுத்தாலும் அது அந்நியன்தான்.

நடுவழி ஒன்று உண்டு, பெரிய தொடர்கள் அதைத்தான் கடைப்பிடிக்க வேண்டும் என்பேன். ஸ்பீல்பெர்க்கின் வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ் (2005) ஃபவுண்ட் ஃபுட்டேஜ் இல்லை. ஆனால் அந்த மூன்றுகால் இயந்திரங்களைப் பெரும்பாலும் தெருவில் நிற்பவன் கண் உயரத்திலிருந்தே காட்டுகிறது. இயந்திரம் முதன்முதலில் எழும் காட்சியில் ஒருவர் கையிலிருந்து வீடியோ கேமரா கீழே விழும். அது தரையில் கிடந்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் சின்னத் திரையில், கதிர் பட்டு மனிதர்கள் மறைவது தெரியும். ஃபவுண்ட் ஃபுட்டேஜின் சாரம் முழுவதும் அந்தச் சில விநாடியில் இருக்கிறது, தலைசுற்றலும் இல்லை. க்ளோவர்ஃபீல்டுக்கு அமெரிக்கத் திரையரங்குகளில் தலைசுற்றும் என்று எச்சரிக்கையே ஒட்டினார்கள். முன்வரிசை ஆட்களைக் கேட்டால் தெரியும்.

அப்படியும் ஒரே ஒரு தனிப்படம் எடுக்க யாராவது பணம் தந்தால்? டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ரோபோவே ஒரு கார். காரில் டாஷ்கேம் இருக்கும். யார் எடுக்கிறார்கள், ஏன் எடுக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. யாரோ ஒருவர் பழைய காரை வாங்கி, கண்ணாடியில் ஒரு மலிவான டாஷ்கேமை ஒட்டுகிறார். வாரக்கணக்கில் ட்ராஃபிக், சிக்னல், பாட்டு, வீட்டுச் சண்டை. ஓர் இரவு, உள்ளே யாரும் இல்லாமலேயே அது பதிவு செய்ய ஆரம்பிக்கிறது. சாலை சாய்கிறது, வானம் வருகிறது, தகடுகள் மடங்கும் சத்தம், கேமரா ஒரு தோள்பட்டைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, எட்டு மீட்டர் உயரத்திலிருந்து தெருவிளக்குகள் கீழே தெரிகின்றன. ரோபோவின் முகம் நமக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம். எப்போதாவது ஒரு கடைக் கண்ணாடியில் பாதி தெரியும்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் இது தாங்குமா என்பது எனக்கே சந்தேகம். க்ளோவர்ஃபீல்டே 85 நிமிடம்தான், அதிலும் பத்து நிமிடம் பெயர்கள் ஓடும். காரின் சொந்தக்காரரும் மறுநாள் காலை மெமரி கார்டைக் கழற்றிப் பார்க்கவேண்டுமே.